சூடேற்றுவது எல்லா கீசரும் செய்யும். நிறுத்துவதைப் பார்த்து வாங்குங்கள்

கீசர் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் நட்சத்திர லேபிளைக் காட்டுவார்கள். அடுத்து டிஜிட்டல் டிஸ்ப்ளே, பிறகு எத்தனை நிமிடத்தில் தண்ணீர் சுடும் என்ற கணக்கு. தண்ணீர் சுட்டதும் சூடேறுவதை எது நிறுத்தும், அது தவறினால் அடுத்து எது காக்கும் என்ற பேச்சே வருவதில்லை. குளியலறையில் தலைக்கு மேல் தொங்கும் ஒரு பொருளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலைச்சாலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் எங்கள் வீடு. பழைய கீசரில் தெர்மோஸ்டாட்டின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் அளவு மீறிச் சுட்டதில் குழாய்களும் சுவரும் பாழாயின. அதன் இடத்துக்கு வந்த 15 லிட்டர், 2 கிலோவாட் கீசரை மார்கழிக் குளிரில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். உள்டேங்க் கண்ணாடிப் பூச்சு கொண்ட இரும்பு. வெளியே பிளாஸ்டிக் உடல். அடியில் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வகையில் எதை வாங்கினாலும் உள்ளே இருக்கும் பாகங்கள் ஏறக்குறைய இவையே.

சூடேற்றும் வேலை

குளிர்காலத்து விடியலில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் காயிலுக்கு 21 நிமிட வேலை. கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது இந்தக் கீசரும் அதை ஒட்டியே நின்றது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் தண்ணீர் 13 டிகிரியில் தொடங்கினால் இன்னும் மூன்று நான்கு நிமிடம் கூடும். இது இயற்பியல் கணக்கு. ஒரே வாட் கொண்ட எந்தக் கம்பெனியும் இதில் பெரிதாக முந்த முடியாது. ஆகவே 'அதிவேகச் சூடு' என்ற விளம்பரத்துக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

நட்சத்திரங்கள் சொல்வது வேறு விஷயம். சுட்ட தண்ணீர் டேங்கில் சும்மா நிற்கும்போது எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பதே அந்த அளவுகோல். இந்தக் கீசருக்கு ஐந்து நட்சத்திரம். சுவிட்சை அணைத்துச் சில மணி நேரம் கழித்தும் தண்ணீர் குளிக்கும் சூட்டில் இருந்தது. நல்ல குணம்தான். ஆனால் ஐந்து நட்சத்திரத்தைப் பாதுகாப்புக்குக் கொடுத்த மதிப்பெண்ணாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதுகாப்புக்குப் பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனுடன் வரும் ஐ.எஸ். 2082 என்ற எண்ணும்.

நிறுத்தும் வேலை

மூன்று காவல்கள் இருக்கின்றன. முதலாவது தெர்மோஸ்டாட்: திருகில் வைத்த சூடு வந்ததும் மின்சாரத்தை வெட்டும், ஆறியதும் திரும்பக் கொடுக்கும். தினமும் பலமுறை இணைந்து பிரியும் அதன் காண்டாக்ட் ஒருநாள் ஒட்டிக்கொண்டால், காயில் ஓயாமல் எரியும். அப்போது வேலைக்கு வர வேண்டியது இரண்டாவது காவல், தெர்மல் கட்-அவுட். அளவு மீறிய சூட்டில் மின்சாரத்தை ஒரேயடியாக வெட்டிவிடும். ஆள் வந்து பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். இந்தக் கீசரில் அந்தப் பொத்தான் மூடியைக் கழற்றினால்தான் தெரிகிறது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், ஏன் வெட்டியது என்று பார்க்காமல் திரும்பத் திரும்ப அழுத்தத் தோன்றும்.

மூன்றாவது, குளிர்நீர் நுழையும் இடத்தில் பித்தளையில் இருக்கும் வால்வு. டேங்குக்குள் அழுத்தம் அதன் மேல் பொறித்த அளவைத் தாண்டினால் தண்ணீரை வெளியே விடும். இதில் 8 பார் என்று இருக்கிறது. சுடுநீர் திரும்பிக் குளிர்நீர்க் குழாய்க்குள் போகாமல் தடுப்பதும் அதே வால்வுதான். மின்சாரக் காவல்கள் இரண்டும் கைவிட்ட பிறகும் நிற்பது இந்தப் பித்தளைத் துண்டு ஒன்றே.

ஆனால் வீடுகளில் அதிகம் கெடுக்கப்படுவதும் இதுவே. தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சுடும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு விரியும். 15 லிட்டருக்கு அது 200 மில்லிக்கு மேல். திரும்பிப் போகும் வழி அடைபட்டிருப்பதால் அந்தத் தண்ணீர் வால்வு வழியாகச் சொட்டும். சொட்ட வேண்டும். தரை ஈரமாகிறது என்று அதன் வாயில் பிளக் போட்டு அடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சின்ன ஹோஸ் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையைத் தரையின் நீர்ப்போக்கில் திறந்தபடி விட்டால் போதும். இதோடு வந்த ஹோஸ் நீளம் போதவில்லை. தனியாக வாங்க வேண்டியிருந்தது. இவ்வளவு முக்கியமான பாகத்தில் கம்பெனிகள் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

நம் பழைய செம்புப் பாய்லருக்கு இந்தக் கவலை இல்லை. நடுவே விறகும் தேங்காய்த் தொட்டியும் எரியும். மேலே புனலில் பச்சைத் தண்ணீர் ஊற்ற, குழாய் வழியே வெந்நீர் வரும். புனலின் வாய் எப்போதும் திறந்திருப்பதால் ஆவி தானாகப் போய்விடும். தண்ணீர் ஊற்ற மறந்து வெறுமனே எரிய விட்டால் ஈயப் பற்று உருகி ஒழுகும். அதுவே அதன் பெரிய ஆபத்து. கீசரோ மூடிய பாத்திரம். கொதிநீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். பாய்லர் சட்டத்தின்படி ஆலைகளின் பாய்லர்களைச் சோதிக்க ஆய்வாளர்கள் உண்டு. வீட்டுக் கீசரைச் சோதிக்க வீட்டுக்காரர்தான் உண்டு.

நம் ஊர்த் தண்ணீரில்

சேலத்தை ஒட்டிய செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டிப் பக்கம் போனால் மண்ணில் வெள்ளை வெளேரென்று மக்னசைட் தெரியும். தண்ணீரை உப்பாக்கும் மக்னீசியம் கலந்த கல் அது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், சூடேறும்போது அந்த உப்பு காயிலிலும் தெர்மோஸ்டாட் உட்காரும் குழாயிலும் ஓடாகப் படியும். ஓடு கட்டிய காயில் தன் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து போகும். ஓடு கட்டிய தெர்மோஸ்டாட் தண்ணீரின் சூட்டைத் தாமதமாக உணரும். சூடு மீறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

டேங்குக்குள் மக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். துரு முதலில் அதைத் தின்னும், டேங்கை விட்டுவைக்கும். தண்டு கரைந்து தீர்ந்தபின் டேங்கின் முறை. உப்புத் தண்ணீர் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை கீசரைத் திறந்து ஓட்டைச் சுரண்டி, தண்டைப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் கிடைக்கிற வீட்டில் கீசரை அதோடு இணைப்பது நல்லது. இந்த மாடலில் காயில், தெர்மோஸ்டாட், தண்டு எல்லாமே கீழ்த்தட்டைக் கழற்றினால் கைக்கு வருகின்றன. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

சூடு மீறினால்

அறிகுறிகள் தெளிவானவை. டேங்கிலிருந்து கடகடவென்று சத்தம் வரும். குழாய் தண்ணீரோடு ஆவியைத் துப்பும். வால்வு சொட்டாமல் ஊற்றும். பச்சைத் தண்ணீர்க் குழாயிலும் சுடுநீர் வரும். உடனே மெயின் போர்டில் கீசருக்கான எம்.சி.பி.யை இறக்குங்கள், ஈரக் கையோடு குளியலறைச் சுவிட்சைத் தொட வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். குழாயைத் திறக்கவோ டேங்க் மேல் தண்ணீர் ஊற்றவோ கூடாது. தானாக ஆறட்டும். 60 டிகிரித் தண்ணீர் ஐந்தாறு நொடியில் தோலை ஆழமாகப் பொசுக்கும். ஆவி அதைவிடக் கொடியது.

ஆறிய பின் சேதத்தைக் கணக்கெடுக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது குழாய். சாதாரண பி.வி.சி. 60 டிகிரிக்கு மேல் தாங்காது, சி.பி.வி.சி. 80 டிகிரியைச் சற்றுத் தாண்டும் வரை தாங்கும். கீசரில் சுடுநீர் வழிக்கு மட்டும் சி.பி.வி.சி. போட்டு, குளிர்நீர் வழிக்குப் பி.வி.சி. போடுவது வழக்கம். வால்வு பழுதாகிச் சுடுநீர் பின்னால் போனால் அந்தப் பி.வி.சி. குழைந்து, சுவருக்குள் ஜாயிண்ட் விட்டுவிடும். எங்கள் சுவர் நனைந்தது அப்படித்தான். இரண்டு வழிக்கும் சி.பி.வி.சி.யே போடுங்கள். பிளக்கும் சாக்கெட்டும் கருகியிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியருக்கு அருகில் இழுக்கும்; 16 ஆம்பியர் சாக்கெட்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் எர்த்தும் கட்டாயம். வீட்டில் மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், இல்லாவிட்டால் போடுங்கள். கட்-அவுட்டை மட்டும் அழுத்திவிட்டுப் பழையபடி ஓட்டலாம் என்று எலெக்ட்ரீசியன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தெர்மோஸ்டாட்டையும் வால்வையும் புதிதாக மாற்றிய பிறகே கீசர் ஓட வேண்டும்.

தீர்ப்பு

இந்தக் கீசரில் பிடித்தவை: பிரித்துச் சுத்தம் செய்ய எளிதான கீழ்த்தட்டு, வெப்பம் காக்கும் டேங்க், தரமான வால்வு. பிடிக்காதவை: குட்டையான ஹோஸ், டிகிரி எண் இல்லாத திருகு. நடுவில் வைத்தால் எத்தனை டிகிரி என்று தெர்மாமீட்டர் வைத்துத்தான் அறிய முடிகிறது. குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் அது சின்னக் குறை அல்ல.

நால்வர் வாழும் வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். டிஸ்ப்ளேவும் ரிமோட்டும் உள்ள மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைக்கும் பணத்தில் நல்ல ஒயரும் சி.பி.வி.சி. குழாயும் போடுங்கள். பொருத்த வந்த பிளம்பர் புறப்படும் முன், வால்வின் லிவரைத் தூக்கித் தண்ணீர் வருகிறதா என்று அவர் எதிரிலேயே பாருங்கள். வராவிட்டால் அந்தக் கீசரின் சுவிட்சைப் போடாதீர்கள்.