சாய்வை ரசிப்பது எப்படி? சோளக்காட்டுச் சாலையிலிருந்து பந்தயத் தடம் வரை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், வளைவில் வாகனத்தின் உடல் எவ்வாறு சாய்ந்து மீள்கிறது என்பதை ஒரே பயணத்தில் பலமுறை கண்டு பழகுவதற்கு அது மிகவும் ஏற்ற இடமாகும். வளைவில் திரும்பும்போது வாகனம் வெளிப்பக்கமாகச் சரிவதையே பந்தயத் துறையினர் ‘பாடி ரோல்’ என்கின்றனர்; தமிழில் அதனை உடற்சாய்வு எனலாம். முன்சக்கரங்களால் இயங்கும் பந்தயக் காரில் இச்சாய்வைக் குறைப்பது பொறியாளருக்கு நுண்மையான வேலை. அந்த வேலையின் விளைவைக் கண்ணால் படித்தறிவது பார்வையாளருக்குக் கிடைக்கும் பெரிய இன்பம். அவ்வின்பத்தை அடைய விரும்புவோர், சற்றும் சாயாத காரே சிறந்த கார் என்னும் எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும்.

சாய்வு எதனைக் காட்டுகிறது?

கார் திரும்பும்போது அதன் எடையில் ஒரு பகுதி உட்சக்கரங்களை விட்டு வெளிச்சக்கரங்களுக்கு மாறுகிறது. இது சுமைப் பெயர்ச்சி எனப்படும். 1,000 கிலோ எடையும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும், இடவல சக்கரங்களுக்கிடையே ஒன்றரை மீட்டர் அகலமும் கொண்ட கார் ஒன்று, புவியீர்ப்புக்கு ஈடான பக்கவாட்டு விசையோடு திரும்பினால், ஏறத்தாழ 333 கிலோ சுமை வெளிப்பக்கம் சென்றுவிடுகிறது. அதாவது, பக்கத்திற்கு 500 கிலோவாக இருந்த சுமை, உள்ளே 167 எனவும் வெளியே 833 எனவும் பிரிகிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் இந்த மொத்தப் பெயர்ச்சி பெரிதும் மாறுவதில்லை. எடையைக் குறைத்தல், ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தல், இடவல சக்கரங்களுக்கிடையே உள்ள அகலத்தைக் கூட்டுதல் ஆகிய மூன்றே அதனைக் குறைக்கும் வழிகள்.

அவ்வாறாயின் சாய்வைக் குறைப்பது ஏன் என்ற கேள்வி எழும். உடல் சாயும்போது வெளிப்புற முன்சக்கரமும் அதனோடு சாய்ந்து, டயர் தன் முழு அகலத்தையும் தரையில் பதிக்க இயலாமல் வெளி விளிம்பில் நிற்கத் தொடங்குகிறது. அதிலும், இந்தியச் சாலைகளில் முன்சக்கர இயக்கத்தைப் பரவலாக்கிய மாருதி 800 முதல் பிற்காலச் சிறு கார்கள் வரை பெரும்பாலானவற்றில் உள்ள மெக்பெர்சன் அமைப்பில், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாய் நின்று சக்கரத்தைத் தாங்கும் அமைப்பில், இக்குறை மிகுதி. இதனால்தான் பந்தயக் கார்களில் சக்கரங்களின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்திருக்குமாறு முன்கூட்டியே பொருத்தப்படுகிறது. காரை அளவுக்கு மீறித் தாழ்த்துவதும் தீர்வாகாது. உடல் எப்புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம், ஈர்ப்பு மையத்தைவிட விரைவாகக் கீழிறங்கிவிடுவதால், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் நீண்டு, சாய்க்கும் நெம்புகோலின் ஆற்றல் கூடிவிடக்கூடும்.

தூக்கிய பின்சக்கரத்தின் பொருள்

முன்சக்கர இயக்கக் காரில் எஞ்சினும் கியர்பெட்டியும் முன்னே இருப்பதால் எடையின் பெரும்பகுதியும் முன்னேயே இருக்கிறது. காரைத் திருப்புவதும் இழுப்பதும் அதே இரு டயர்களின் பொறுப்பு. அவை களைத்துப்போனால், ஸ்டீயரிங்கைத் திருப்பிய பின்னும் கார் வளைவுக்கு வெளியே நேராகச் செல்ல முனையும். எனவே பொறியாளர், இடவல சக்கரங்களை இணைத்துச் சாய்வை எதிர்க்கும் முறுக்குத் தண்டாகிய ஆன்டி-ரோல் பாரை, பின்புறத்தில் வலுவாக அமைக்கிறார். சுமைப் பெயர்ச்சியில் பெரும்பங்கைப் பின்புறம் ஏற்றுக்கொள்வதால், முன்டயர்கள் இரண்டிலும் சுமை ஓரளவு சமமாக நின்று அவற்றின் பிடிமானம் காக்கப்படுகிறது. வளைவின் உச்சத்தில் உட்புறப் பின்சக்கரம் நாய் கால் தூக்குவதுபோல் தரையை விட்டு எழுவது இந்த ஏற்பாட்டின் விளைவே. புதியவர் அதனைத் தவறென்று அஞ்சுவார், பழகியவர் வடிவமைப்பாளரின் திட்டத்தை அதில் காண்பார்.

சோளக்காட்டுச் சாலையில் பயிற்சி

மலைச்சாலையில் ரசனைக்கு வேகம் தேவையில்லை. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் புவியீர்ப்பின் 0.3 பங்கு பக்கவாட்டு விசையைப் பெறுகிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகி, சாதாரண டயரின் எல்லையையே தாண்டிவிடும். எனவே பேருந்தின் சன்னலோர இருக்கையிலோ, வளைவுக்கு அப்பால் உள்ள பாதுகாப்பான இடத்திலோ இருந்து கவனிப்பதே முறை. பலாவும் வாழையும் உயரமாக அடுக்கிய சரக்கு வண்டி, கமான் பட்டைகளின்மேல் மெல்லச் சாய்ந்து மெல்ல நிமிர்வதையும், தாழ்ந்த கார் அதே வளைவில் சிறிதே சாய்ந்து உடனே நிமிர்வதையும் ஒப்பிட்டால், ஈர்ப்பு மைய உயரத்தின் ஆட்சி விளங்கும். ஏறும் வழியில் எடை பின்னோக்கி நகர்வதால், முன்சக்கர இயக்கக் காரின் உட்புற முன்டயர் இலேசாகிச் சுழன்று கீச்சிடுவதும் உண்டு. அந்த ஒலியும் சுமைப் பெயர்ச்சியைச் சொல்வதே.

தடத்தில் காண வேண்டியவை

இவ்வாறு பழகிய கண், 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலோ, பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவர்தனின் பெயர் தாங்கிய கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ டூரிங் கார் பந்தயத்தைப் புதிய தெளிவோடு காணும். நேர்ப்பாதையோரத்தை விட, வளைவின் நுழைவும் வெளியேற்றமும் ஒருங்கே தெரியும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நுழைவில் சாய்வு ஒரே சீராக வளர்கிறதா, உச்சத்தில் ஆடாமல் நிலைகொள்கிறதா, வெளியேறும்போது காரைத் துள்ளவிடாமல் நிமிர்கிறதா என்று மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். சாய்வின் அளவை ஸ்பிரிங்கும் தண்டும் தீர்மானிக்க, அது வந்து போகும் வேகத்தை ஷாக் அப்சார்பர் தீர்மானிக்கிறது என்பதால், முதல் பார்வையில் அளவையும் அடுத்த பார்வையில் வேகத்தையும் தனித்தனியே கவனிப்பது பயன்தரும்.

அமெரிக்காவின் நீள்வட்டத் தடங்களில் கார்கள் இடப்புறம் மட்டுமே திரும்புவதால், அங்கே எடையை இடப்பக்கம் கூட்டி, நான்கு மூலைக்கும் வெவ்வேறு ஸ்பிரிங் பொருத்துவர். முன்சக்கர இயக்கக் காரில் வலப்புற முன்டயரே பெருஞ்சுமை தாங்குவதால் அதனைக் காப்பதே அவர்களின் முதற்கவலை. இருபுறமும் திரும்பும் நம் தடங்களில் அத்தகைய ஒருபக்கச் சலுகை கிடையாது. இடத்திற்கும் வலத்திற்கும் பொதுவாக ஒரே அமைப்பைக் கண்டறிந்து, பந்தயத்தின் கடைசிச் சுற்றிலும் முன்டயர்களின் பிடிமானம் குன்றாமல் காரைத் திருப்பச்செய்யும் பொறியாளரே சாய்வை வென்றவர். ஆதலால் முதற்சுற்றில் பார்த்த அதே வளைவைக் கடைசிச் சுற்றிலும் பார்த்து ஒப்பிடும் பார்வையாளருக்கே அந்த வெற்றியின் முழு மதிப்பும் புலப்படும்.