கல்லறையில் செவி சாய்ப்போர்: திரைநாயகர் மறைவும் நம் அருளுரைகளும்

திரைப்பட நடிகர் ஒருவர் மறையும்போது அவருடைய ரசிகர்கள் காட்டும் துயரத்தைத் திருச்சபை எவ்வாறு நோக்க வேண்டும் என்னும் வினா நம் இறையியல் வட்டாரங்களில் பெரிதும் எழுப்பப்படுவதில்லை. அது ஆராயத் தகுந்த பொருளன்று என்று நாம் கருதுகிறோம். எனினும், அத்தகைய மறைவுக்கு அடுத்த ஞாயிறன்று நம் அருளுரை மேடைகள் மௌனமாக இருப்பதில்லை. "சிலை வழிபாடு" என்ற ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்கிவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுகிறோம். அத்தீர்ப்பு சரியானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சியில் குற்றஞ்சாட்டப்பட வேண்டியவர்களுள் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

1. ஒரு கிறிஸ்து பிறப்பு நாள்

எம்.ஜி.ஆர். என்று தமிழகம் அழைத்த முதலமைச்சர் எம்.ஜி. இராமச்சந்திரன் 1987ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் அதிகாலையில் இராமாவரம் தோட்டத்தில் காலமானார். மறுநாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று, அவருடைய உடல் மெரினா கடற்கரையில் அண்ணா நினைவிடத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. நான் அப்போது இறையியல் மாணவன். ஊழியப் பயிற்சிக்காக ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் கூடிவந்த சிறு சபைக்கு அனுப்பப்பட்டிருந்தேன். ஆவடித் தொழிற்சாலைகளிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் கூலி வேலை செய்வோரும், வீட்டு வேலை செய்யும் பெண்களுமே அச்சபையினர்.

பேருந்துகள் ஓடவில்லை, கடைகள் அடைக்கப்பட்டிருந்தன. கீதபவனி நடைபெறவில்லை. கிறிஸ்து பிறப்பு ஆராதனைக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களிலும் சிலர் புத்தாடை உடுத்தவில்லை. எனக்குச் சினம் மூண்டது. வானதூதர் மேய்ப்பருக்கு மகிழ்ச்சியின் செய்தியை அறிவித்த நாளில் ஒரு நடிகருக்காக அழுவது விசுவாசத் துரோகம் என்று பேசினேன். பொன் கன்றுக்குட்டியைப் பற்றிய யாத்திராகமப் பகுதியையும் எடுத்துக்காட்டினேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த கைம்பெண் ஒருவர் எழுந்து வெளியே சென்றுவிட்டார்.

சில வாரங்களுக்குப் பின் அவரைச் சந்தித்து, ஏன் எழுந்து சென்றீர்கள் என்று கேட்டேன். அவர் கூறிய விடை இது: "ஐயா, எம் புருசன் செத்தப்போ எங்கூட ஒக்காந்து அழ ஒருத்தரும் வரல. இவருக்கு அழுதப்போ தெருவே எங்கூட அழுதுச்சு. அதையும் தப்புன்னுட்டீங்களே."

இதற்கு அன்று என்னிடம் மறுமொழி இல்லை. இக்கட்டுரையை அம்மறுமொழிக்கான காலந்தாழ்ந்த முயற்சி எனக் கொள்ளலாம்.

2. அறியாமை என்னும் விளக்கம்

எம்.ஜி.ஆர். மறைவின்போது நிகழ்ந்தவற்றை முறையாக ஆராய்ந்தவர்களுள் எம்.எஸ்.எஸ். பாண்டியன் குறிப்பிடத்தக்கவர். 1992இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் 'பிம்பச் சிறை' என்று தமிழாக்கம் பெற்ற அவருடைய நூல், அத்துயரத்தின் பேரளவை எடுத்துரைக்கிறது. இறுதி ஊர்வலத்தில் திரண்ட இலட்சக்கணக்கானோர், தொலைதூரச் சிற்றூர்களில் உருவப் பொம்மை செய்து சடங்குகளோடு அடக்கம் செய்தோர், தலை மழித்துக்கொண்ட இளைஞர்கள், துயரம் தாளாமல் தம் உயிரை மாய்த்துக்கொண்ட 31 பேர் ஆகியோரைப் பற்றி அந்நூல் பேசுகிறது. படகோட்டி (1964), விவசாயி (1967), ரிக்‌ஷாக்காரன் (1971) போன்ற படங்களில் உழைக்கும் மக்களுள் ஒருவராகத் தோன்றியதன் மூலம் ஒரு பிம்பம் கட்டப்பட்டது. ஏழைகள் தங்கள் உண்மையான நலன்களை மறந்து அப்பிம்பத்தில் சிறைப்பட்டனர். பாண்டியன் கூறும் விளக்கத்தின் சாரம் இதுவே.

வாக்குகள் எவ்வாறு திரட்டப்பட்டன என்பதை இவ்விளக்கம் நன்கு புலப்படுத்துகிறது. கண்ணீரைப் பற்றி அது குறைவாகவே கூறுகிறது எனலாம். ஏனெனில் ரசிகர்கள் செய்த செயல்களை உற்று நோக்கினால் அவை வழிபாட்டுச் செயல்களைக் காட்டிலும் உறவுமுறைச் செயல்களாகவே உள்ளன. தலை மழித்தல் மகன் தந்தைக்குச் செய்யும் கடன். மாரடித்து ஒப்பாரி வைத்தல் உடன்பிறந்தாளும் மகளும் செய்வது. வெறும் பாடையைத் தெருவில் சுமந்து செல்வது பங்காளிகளின் உரிமை. கடவுளுக்கு எவரும் தலை மழித்துக் கருமாதி செய்வதில்லை. அம்மக்கள் அவரைத் தெய்வம் என்று வாயால் சொன்னார்கள். ஆயினும் வீட்டுப் பிள்ளை ஒருவர் இறந்தால் செய்வதையே செய்தார்கள்.

நம் சமூகத்தில் சாவும் சாதியால் பிரிக்கப்பட்டுள்ளது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். யார் பாடை தூக்கலாம், யார் பறையடிக்க வேண்டும், எந்தப் பாதையில் சவத்தைக் கொண்டு செல்லலாம் என்பவையெல்லாம் வரையறுக்கப்பட்ட ஊர்களில், நாட்டின் முதல் குடிமகனாகக் கருதப்பட்ட ஒருவருக்குத் தானும் துக்கம் காக்கலாம் என்று ஓர் ஏழை உரிமை கொண்டாடியது சிறிய செய்தியன்று. அவர் நம் கல்லறைத் தோட்டத்திற்கு வந்திருந்தால் அங்கும் சாதிச் சுவரைக் கண்டிருக்கக்கூடும். இச்சுவர்களை இடிக்காத நாம், அவருடைய கண்ணீரில் மட்டும் சிலை வழிபாட்டைக் கண்டுபிடித்தது வியப்பிற்குரியது.

3. திருமறையில் ஒரு புலம்பல்

சவுலும் யோனத்தானும் வீழ்ந்தபோது தாவீது பாடிய புலம்பல் 2 சாமுவேல் முதல் அதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. அப்பாடலில் கடவுளைப் பற்றிய பேச்சே இல்லை என்பதை வேத ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். மறுவாழ்வு பற்றிய நம்பிக்கையோ, இறைத் தீர்ப்போ, அறிவுரையோ அதில் காணப்படவில்லை. சவுலின் குறைகளை எல்லாரையும்விட நன்கறிந்தவர் தாவீது. அவற்றுள் ஒன்றையும் அவர் இங்கே எடுத்துக்கூறவில்லை. இஸ்ரவேலின் பெண்கள் சவுலுக்காக அழவேண்டும் என்று கூறி, அவன் அவர்களுக்கு உடுத்திய ஆடைகளையே காரணமாகக் காட்டுகிறார் (வச. 24). தலைவனை மக்கள் நினைப்பது அவன் தந்த ஆடையையும் உணவையும் கொண்டே என்பதைத் திருமறை அறிந்திருக்கிறது, அதனை இகழவில்லை. மேலும் இப்புலம்பலை யூதா மக்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி தாவீது பணித்தார் (வச. 18). பொதுத் துயரத்திற்கு ஒரு பாட்டு வேண்டும் என்பது அவருடைய முடிவு.

இலாசருவின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டதையும் (யோவான் 11:35) நாம் அறிவோம். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது (4:13) துயரத்தை விலக்கவில்லை. நம்பிக்கையற்ற துயரத்தையே விலக்குகிறார். ஆனால் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றில், மிஷனரிமார் காலந்தொட்டே ஒப்பாரி அவிசுவாசத்தின் அடையாளமாக எண்ணப்பட்டு ஒதுக்கப்பட்டது. அழுவதற்குரிய மொழியை நம் மக்களிடமிருந்து பறித்துவிட்டு, அவர்கள் அதை வேறிடத்தில் தேடிக்கொண்டபோது கடிந்துகொண்டோம்.

4. எல்லை எங்கே?

இவ்வாறு கூறுவதால் 1987இல் நடந்தவை அனைத்தும் ஏற்கத்தக்கவை என்று பொருளாகாது. அண்ணா சாலையில் கடைகள் சூறையாடப்பட்டன. அங்கிருந்த கலைஞர் மு. கருணாநிதியின் சிலை உடைக்கப்பட்டது. இவற்றைத் துயரம் என்னும் பெயரால் மன்னிக்க இயலாது. உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செயலோ இன்னும் ஆழ்ந்த இறையியல் வினாவை எழுப்புகிறது.

மனிதனின் இறுதி ஈடுபாடு எதுவோ அதுவே அவனுக்குக் கடவுளாகிறது என்பது பால் தில்லிக்கின் கருத்து. இறுதியல்லாத ஒன்று இறுதியானதாக உயர்த்தப்படும்போது அது முழு மனிதனையும் கேட்கிறது. கேட்டதற்கு ஈடாக எதையும் தருவதில்லை. இந்த அளவுகோலை இங்குப் பொருத்தலாம். இறந்தவருக்காக அழுவது அன்பு. இறந்தவர் உயிரோடிருப்போரின் உயிரைக் கேட்கத் தொடங்கினால் அவர் சிலையாகிவிட்டார். மோளேகுக்குப் பிள்ளைகள் பலியிடப்பட்டதைத் தீர்க்கதரிசிகள் கண்டித்ததன் காரணமும் இதுவே. நமக்காகத் தம் உயிரைத் தந்தவரே கடவுள் என்று அறிக்கையிடும் சபை, அந்த 31 வீடுகளுக்கும் சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருந்தது. நாம் அதைச் சொல்லவில்லை. கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அத்துயரத்தைத் தம் முதலாக்கிக்கொண்டவர்களையும் மறந்துவிடலாகாது. இராஜாஜி மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டிருந்தபோதே வாரிசுரிமைப் போட்டி வெளிப்பட்டது. 1988 சனவரி 7ஆம் நாள் பதவியேற்ற ஜானகி அம்மையாரின் அமைச்சரவை அம்மாதம் முடியுமுன்னரே கலைக்கப்பட்டது. சிலையைச் செய்வோர் ஒருபுறமும் அதன் முன் அழுவோர் மறுபுறமும் நிற்கும்போது, தீர்க்கதரிசனச் சொல் முதலில் யாரை நோக்கிச் செல்லவேண்டும் என்பதை எரேமியாவைப் படித்தவர்கள் அறிவார்கள்.

5. கோயம்பேட்டின் பந்தி

முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், அதே கிறிஸ்து பிறப்பு வாரத்தில், 2023 டிசம்பர் 28ஆம் நாள் நடிகரும் தே.மு.தி.க. நிறுவனருமான விஜயகாந்த் காலமானார். தீவுத்திடலில் மக்களின் அஞ்சலிக்குப் பின், மறுநாள் கோயம்பேட்டிலுள்ள கட்சி அலுவலக வளாகத்தில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். ஆவடிப் பகுதியிலிருந்து எங்கள் சபையார் சிலரும் சென்று வந்தனர். இம்முறை நான் தடுக்கவில்லை. சென்று வந்தவர்கள் கூறியதைக் கேட்டேன்.

அவருடைய வீரச் செயல்களையும் வசனங்களையும் பற்றி அவர்கள் பேசியது குறைவு. படப்பிடிப்புத் தளங்களில் கடைநிலைத் தொழிலாளிக்கும் நாயகனுக்கும் ஒரே உணவு பரிமாறச் செய்தவர் என்பதையே மீண்டும் மீண்டும் கூறினர். அவர் நடிகர் சங்கத் தலைவராயிருந்தபோது சங்கத்தின் கடனை அடைக்க உழைத்ததையும் சிலர் நினைவுகூர்ந்தனர். அவருடைய நினைவிடத்தில் அன்னதானம் தொடர்ந்து நடைபெற்று வந்துள்ளது. 1987இல் மக்கள் ஒரு பிம்பத்தை நினைத்து அழுதார்கள் என்றால், 2023இல் ஒரு பந்தியை நினைத்து அழுதார்கள் எனலாம். பந்தியில் சமத்துவம் காண்பது இந்நாட்டில் எளிதன்று. கொரிந்து சபையிலும் அது எளிதாக இருக்கவில்லை என்பதற்குப் பவுலின் முதலாம் நிருபம் 11ஆம் அதிகாரம் சான்று.

இங்கும் எச்சரிக்கை தேவை. அந்நினைவிடத்திற்கு ஆலயம் என்றே பெயரிடப்பட்டுள்ளது. ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரை அடுத்த நத்தமேட்டில் 2011 முதல் எம்.ஜி.ஆருக்கு ஒரு கோயிலே இருந்து வருகிறது. நினைவு எளிதில் வழிபாடாகிவிடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நற்செய்திக் கூட்டங்களின் சுவரொட்டிகளில் ஊழியர்களின் முகங்கள் சிலுவையைவிடப் பெரிதாக அச்சிடப்படும் இந்நாளில், பேராயர்களுக்கு ஆளுயர மாலைகள் சூட்டப்படும் இந்நாளில், நாம் முதற்கல்லை எறியத் தகுதியுடையவர்களா?

6. ஆயர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வாராய்ச்சியிலிருந்து நம் ஊழியத்திற்குரிய சில முடிவுகள் பெறப்படுகின்றன. பொதுமக்கள் பெரிதும் நேசித்த ஒருவர் மறையும்போது, அந்த ஞாயிறன்று பரிந்துரை மன்றாட்டில் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தயங்கலாகாது. அத்துயரத்தால் நிலைகுலைந்த இளைஞரையும் தனித்திருப்போரையும் நாமே தேடிச் சென்று உடனிருக்க வேண்டும். உயிர் காக்கும் பணி அது. பொதுத் துயரத்திற்கென ஓர் ஆராதனை முறைமையும், நம் மண்ணின் ஒப்பாரி மெட்டுகளில் அமைந்த புலம்பல்களும் ஆக்கப்பட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, நம் சபையில் ஓர் ஏழைக் கைம்பெண்ணின் கணவர் இறந்தால் அவரோடு உட்கார்ந்து அழச் சபை முழுவதும் செல்ல வேண்டும். அன்று கோவில்பதாகையில் அவ்வாறு நடந்திருந்தால், அவ்வம்மையார் தம் கண்ணீருக்குத் துணையைத் தெருவில் தேடியிருக்கமாட்டார்.

மெரினாவிற்கு வரும் மக்களுள் பலர் எம்.ஜி.ஆரின் சமாதியில் காதை வைத்துக் கேட்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அவரோடு புதைக்கப்பட்ட கைக்கடிகாரம் இன்னும் ஓடும் ஓசை கேட்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதைக் கண்டு நகைப்பது எளிது, நானும் நகைத்திருக்கிறேன். ஆனால் வாரத்தின் முதல் நாள் அதிகாலையில் சுகந்தவர்க்கங்களை எடுத்துக்கொண்டு கல்லறைக்குச் சென்ற பெண்களும் உயிர்த்தெழுதலை எதிர்பார்த்துச் செல்லவில்லை. நேசித்தவரின் உடலைத் தேடியே சென்றார்கள். அவர்கள் தேடிய இடம் தவறானது என்று தூதர் சொன்னது உண்மை (லூக்கா 24:5). எனினும் அச்செய்தியை முதலில் கேட்கும் பேறு, கல்லறைக்குச் செல்லாமல் கதவடைத்திருந்த சீடருக்குக் கிட்டவில்லை. அழுதுகொண்டு சென்ற அப்பெண்களுக்கே கிட்டியது. தூதர் அச்சொல்லைச் சொல்வதற்குக் கல்லறைக்கு வந்து நிற்கவேண்டியிருந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.