வினா எழாத அரங்கு
ஒரு விஞ்ஞானக் கழகத்தின் ஆண்டமர்வு பற்றிய சில குறிப்புகள்

விஞ்ஞானக் கழகங்களின் ஆண்டமர்வுகள் பற்றி நம்மிடையே வெளிவரும் எழுத்துக்கள் பெரும்பாலும் இருவகைப்படும். இன்னார் தலைமை தாங்கினார், இன்னார் விளக்கேற்றினார் என்னும் செய்திக் குறிப்பு ஒன்று. கழகச் செயலாளர் சமர்ப்பிக்கும் அறிக்கை மற்றொன்று. ஒரு நாடகம் மேடையேறினால் அதன் உருவம் யாது, உள்ளடக்கம் யாது, அவை அதனை எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்றெல்லாம் எழுதுகின்றோம். எத்தனையோ பேரின் ஓராண்டு உழைப்பு இரண்டே நாட்களில் மேடையேறும் அமர்வொன்றுக்கு அந்த மரியாதையைத்தானும் நாம் அளிப்பதில்லை. அண்மையில் அத்தகையதோர் ஆண்டமர்விலும் அதனையொட்டி நிகழ்ந்த மாணவர் ஆய்வரங்கிலும் பார்வையாளனாக இருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கழகத்தின் பெயர் இங்கு வேண்டப்படுவதன்று. ஒரு கழகத்தைக் குறை கூறுவதன்று என் நோக்கம். அமர்வு என்னும் வடிவத்தையே இங்கு விமர்சிக்க விழைகின்றேன்.

இவ்வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1831 இல் யோர்க் நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம், ஆண்டுக்கொரு நகராகச் சென்று, ஆய்வாளரையும் ஆர்வமுள்ள பொதுமக்களையும் ஒரே கூரையின் கீழ் அமர்த்தியது. 1860 இல் ஒக்ஸ்போர்ட்டில் அது கூடியபோது, முந்திய ஆண்டு வெளிவந்திருந்த டார்வினின் நூல் பற்றி ஹக்ஸ்லிக்கும் பிஷப் வில்பர்போஸுக்கும் இடையே மூண்ட வாதம் இன்றும் பேசப்படுகின்றது. அன்று பேசப்பட்டவற்றின் சொல்லுக்குச் சொல்லான பதிவு எதுவும் எஞ்சவில்லை. எனினும் அக்கூட்டம் நினைவில் நிற்பதற்குக் காரணம் அங்கு வாசிக்கப்பட்ட கட்டுரையன்று, அதன்பின் எழுந்த வினாவும் விடையுமே என்பது மனங்கொள்ளத்தக்கது. 1944 இல் இங்கு உருவாகி, இன்று இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கமென வழங்கும் அமைப்பின் பெயரே அம்மரபை நினைவூட்டும். (நான் சென்றது அச்சங்கத்தின் அமர்வன்று.)

தமிழ் மரபும் இதற்கு அந்நியமானதன்று. நூலொன்று அவையில் அரங்கேறிய பின்னரே நூலாயிற்று. வினவுதலையும் வினாவுக்கு விடை கூறுதலையும் மாணவனின் கடமைகளாகவே நன்னூலார் வகுத்தார். நம் உரையாசிரியர்கள் தடையைத் தாமே எழுப்பி விடையையும் தாமே கூறினர். இறைவன் பாட்டாயினும் பொருட்குற்றம் பொருட்குற்றமே என வாதிட்ட புலவரின் கதையைப் பாடசாலைப் பருவத்திலேயே கேட்டு வளர்ந்தோம். கேட்டு வளர்ந்ததோடு நிறுத்திக்கொண்டோம் போலும்.

தொடக்க விழா பற்றி விரித்துரைக்க ஏதுமில்லை. ஒரு மணித்தியாலத்தில் முடிய வேண்டியது இரண்டு மணித்தியாலம் நீண்டது. இழந்த நேரத்தை ஈடுசெய்யும் பொறுப்பு மாணவர் தலையிலேயே விழுந்தது. பன்னிரண்டு நிமிடப் பேச்சு, மூன்று நிமிட வினா என்றிருந்த ஒழுங்கு, எட்டு நிமிடப் பேச்சு, வினா இல்லை என மாற்றப்பட்டது. அவ்வறிவித்தல் வெளியானபோது முன்வரிசையிலிருந்த மாணவர்களின் முகங்களை நோக்கினேன். எவரும் ஏமாற்றமடைந்ததாகத் தெரியவில்லை. மாறாக ஒரு நிம்மதியே அங்கு படர்ந்தது. அந்த நிம்மதிதான் அன்றும் பின்னரும் என்னை உறுத்தியது.

ஆய்வுச் சுருக்கங்களின் தொகுப்பைப் புரட்டிப் பார்த்தேன். இதனை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு எவரேனும் ஆராய வேண்டும். ஏறத்தாழ எல்லாச் சுருக்கங்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. செய்தவர் எவர் என்பதை மறைக்கும் செயப்பாட்டு வினைகள் நிறைந்தவை. முடிவுகள் அமர்வில் விவாதிக்கப்படும் என்று சில முடிகின்றன. விவாதமே இல்லாத அமர்வில் இவ்வாக்கியம் எப்பொருளைத் தருமென்று தொகுப்பாசிரியர்கள் சிந்தித்திருக்கலாம்.

அத்தொகுப்பிலிருந்து ஓர் ஆய்வை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கின்றேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் நிலத்தடி நீரே மக்களின் ஆதாரம். தோட்டங்களில் இடப்படும் உரமும், கிணறுகளுக்கு அருகிலமைந்த மலசலகூடக் குழிகளின் கசிவும் அந்நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. நைத்திரேற்று மிகுந்த நீரிற் கரைத்த பால்மாவை அருந்தும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்க, உடல் நீலம் பாரிக்கும். இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என எல்லை வகுத்துள்ளது. இறுதியாண்டு மாணவி ஒருவர் சில கிணறுகளை மாதந்தோறும் அளந்து, சராசரி 14 மில்லிகிராம் எனக் கண்டு, அது 50 இற்கு வெகு கீழே நிற்பதால் நீர் குடிப்பதற்கு உகந்தது என்று முடித்திருந்தார். எட்டு நிமிடத்தில் மனனம் செய்த ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பிசகாது பேசினார். கைதட்டல் எழுந்தது. தலைவர் நன்றி கூறி அடுத்தவரை அழைத்தார்.

தேநீர் வேளையில், ஓய்வுபெற்ற இரசாயனவியல் விரிவுரையாளர் ஒருவர் அம்மாணவியை அணுகினார். நானும் அருகில் நின்றேன்.

“பிள்ளை, இந்தப் பதினாலு நைத்திரேற்றோ, நைதரசனோ?”

மாணவி சற்று யோசித்தார். “கருவி நைதரசனாத்தான் காட்டும், சேர்.”

“அப்ப அறுபத்திரண்டால பெருக்கிப் பதினாலால பிரிச்சுப் பாரும்.”

நைதரசனின் அணுத்திணிவு 14. நைத்திரேற்று அயனின் திணிவு 62. நிகழ்ச்சிநிரலின் பின்புறத்தில் மாணவி கணக்கிட்டார். விடை 62 மில்லிகிராம். எல்லைக்கு வெகு கீழே நின்ற நீர், ஒரு வரிக் கணக்கில் எல்லையைக் கடந்துவிட்டது. அவர் முகம் வெளிறிற்று. ஆனால் அடுத்த கால்மணி நேரம் அவர் பேசிய பேச்சை அரங்கில் எவரும் கேட்டிருக்கவில்லை. எக்கிணற்றில் மாரிக்குப் பின் அளவு ஏறியது, எத்தோட்டத்தில் வெங்காயத்துக்கு எப்போது உரமிட்டனர், எவ்வீட்டில் கைக்குழந்தை இருந்தது என யாவும் தமிழில், தங்குதடையின்றி வெளிவந்தன. மேடையில் நின்றவர் ஒருவர், தேநீர்க் கோப்பையுடன் நின்றவர் இன்னொருவர் எனத் தோன்றியது.

இவ்விடத்தில் ஆங்கிலத்தின் மீது பழி முழுவதையும் சுமத்துவது எளிது. உயர்தர வகுப்புவரை விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்ற மாணவர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறும்போது அடையும் இடர்ப்பாடு மெய்யே. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் போதித்து, 1875 இல் கெமிஸ்தம் என்னும் இரசாயன நூலையும் வெளியிட்ட மண்ணில், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும் இந்நிலை நீடிப்பது வெட்கத்துக்குரியது. ஆயினும் அவ்விரிவுரையாளர் கேட்ட வினா எம்மொழியிலும் ஒரு சொல்லில் விடையிறுக்கத்தக்கது. அதனை ஆங்கிலத்தில் அரங்கிற் கேட்டிருந்தாலும் மாணவி விடை கூறியிருப்பார். கேட்பதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை என்பதே முதற்குறை. வினாவைத் தண்டனையாகக் கருதி அது நீங்கியதென மகிழும் மனநிலையில் மாணவரை நாம் வளர்த்திருப்பது இரண்டாவது. மொழிக்குறை இவ்விரண்டையும் மறைத்துக்கொள்ள உதவுகின்றது என்றே எனக்குப் படுகின்றது.

மாலையில் சிறந்த சமர்ப்பணத்துக்கான பரிசு அம்மாணவிக்கே கிடைத்தது. மதிப்பீட்டுத் தாளில் வினாக்களுக்கு விடையளிக்கும் ஆற்றல் என்றொரு நிரலும் உண்டென நடுவர்களுள் ஒருவர் பின்னர் சொன்னார். வினாவே எழாத அரங்கில் அந்நிரலை எவ்வாறு நிரப்பினீர்கள் என்று நான் அவரைக் கேட்கவில்லை. நானும் இச்சூழலில் வளர்ந்தவன்தானே.

பரிசைப் பெறுமுன்னரே மாணவி கழகத்தின் பொறுப்பாளர் ஒருவரிடம் சென்று தவற்றைத் தெரிவித்திருந்தார். தொகுப்பு அச்சாகிவிட்டது, திருத்தம் வெளியிடும் வழக்கம் இல்லை என்பதே அவருக்குக் கிடைத்த பதில். நூலகங்களுக்குச் சென்ற பிரதிகளில் அக்கிணறுகளின் நீர் இன்றும் குடிப்பதற்கு உகந்ததாகவே இருக்கின்றது. மாணவி தம் பிரதியில் 14 ஐ வெட்டி 62 என எழுதி, இறுதி வாக்கியத்தையும் மாற்றினார். பின்னர் என் பிரதியையும் கேட்டு வாங்கி, அதே பேனையால் திருத்தித் தந்தார். அடுத்த வாரம் அக்கிணற்று வீடுகளுக்குப் போகப்போவதாகச் சொன்னார்.