தெற்கு பார்த்த தொட்டி

கோவையில் பல மொட்டை மாடிகளில் தெற்கு பார்த்துச் சாய்ந்த கண்ணாடிக் குழாய்களையும் அவற்றின் தலைமாட்டில் ஓர் உருளைத் தொட்டியையும் பார்க்கலாம். சோலார் வாட்டர் ஹீட்டரில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தொட்டி இருக்கும் இடம்தான். குழாயில் சூடேறிய நீர் லேசாகி மேலே ஏறுகிறது. தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்குகிறது. வெயில் இருக்கும்வரை இந்தச் சுழற்சி நிற்பதில்லை. மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தொட்டியைக் கீழே வைத்தால் இந்த அழகெல்லாம் போய்விடும், பம்பு தேவைப்படும்.

கோவை இருப்பது வட அட்சரேகை 11 பாகையில். மார்கழியில் உச்சிவெயில்கூடத் தெற்கிலிருந்து சாய்ந்தே விழுகிறது. வெந்நீர் அதிகம் வேண்டியதும் அப்போதுதான். அதனால்தான் குழாய்கள் தெற்கு பார்க்கின்றன; அவற்றின் மேல் நிழலும் விழக் கூடாது. பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் காலை பத்து மணிக்கு எதுவரை வருகிறது என்று பார்த்து இடம் குறிக்கும் பிளம்பர் கிடைத்தால் விடாதீர்கள்.

போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால், கண்ணாடிக் குழாய்களுக்குப் பதில் தகடு வைத்த வகை ஹீட்டரின் மெல்லிய செப்புக் குழாய்கள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். அங்கே அகன்ற கண்ணாடிக் குழாய்களே மேல்.

தொட்டியிலிருந்து குளியலறைக்கு எவ்வளவு தூரம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் மீட்டருக்கு 300 மில்லிக்கு மேல் நீர் நிற்கும். 20 மீட்டர் நீண்டால், வெந்நீர் எட்டிப் பார்க்குமுன் 6 லிட்டர் ஆறிய தண்ணீர் ஓடிவிடும். தொட்டியைக் குளியலறைக்கு நேர் மேலே அமர்த்தினால் அது ஓரிரு லிட்டரோடு நிற்கும்.