ஜீரோ நகராத ஸ்கோப்: லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40

ரைஃபிள் ஸ்கோப் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் லென்ஸின் தெளிவைக் காட்டுவார், அடுத்து ஆயுட்கால உத்தரவாதத்தைச் சொல்வார். இரண்டும் எனக்கு இரண்டாம்பட்சம்தான். சுட்டுச் சரிபார்த்து நிறுத்திய ஜீரோ (குறியும் குண்டும் ஒன்றுசேரும் அமைப்பு), வண்டியில் குலுங்கி, குளிரில் கிடந்து, பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களின் உதையை வாங்கிய பிறகும் அதே இடத்தில் நிற்கிறதா? அதற்குத்தான் காசு கொடுக்கிறோம்.

அந்தக் கணக்கில் லூபோல்டின் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40 கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது. குழாய் ஓர் அங்குலம், எடை சுமார் 350 கிராம். குறியை நகர்த்தும் திருகான டரெட்டின் மூடியைக் கழற்றித் திருப்பினால், கோண அளவில் கால் எம்ஓஏ கிளிக். அதாவது 100 கெஜத்தில் ஒரு கிளிக்குக்குக் குண்டு விழும் இடம் ஏறத்தாழ 6.6 மில்லிமீட்டர் நகர வேண்டும்.

நகர்கிறதா என்று பார்க்கச் சதுரச் சோதனையைவிட நல்ல வழி இல்லை. மேலே, வலது, கீழே, இடது என்று ஒரே எண்ணிக்கையில் கிளிக் திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் சுட்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். இந்த ஸ்கோப்பில் கடைசியாகச் சுட்டவை முதல் துளைகளோடு கலந்துவிட்டன. மட்டமான ஸ்கோப்பில் இது நடக்காது. குழாய்க்குள் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. அதை டரெட் திருகுகளோடு அழுத்திப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங். அது தளர்ந்திருந்தால் கிளிக் சத்தம் கேட்கும், குறுக்குக்கோடு அசையாது. அடுத்த குண்டின் உதையில் திடீரென்று தாவும். சுடுபவர் தன் கையைச் சந்தேகித்துக்கொண்டே தோட்டாவை வீணடிப்பார்.

வெதுவெதுப்பான நீரில் முக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. குளிரிலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்தபோது வெளிக்கண்ணாடியில் மட்டும் பனி படர்ந்தது, உள்ளே இல்லை. இதில் லூபோல்ட் கவனமாக இருப்பதற்குப் பின்னணி உண்டு. 1907-இல் ஓரிகனில் நில அளவைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. மார்க்கஸ் லூபோல்ட் மான் வேட்டைக்குப் போன இடத்தில் ஸ்கோப்புக்குள் நீராவி படிந்து குறி தப்பியதாகவும், இதைவிட நல்லதை நானே செய்வேன் என்று அவர் கிளம்பியதாகவும் சொல்வார்கள். முதல் ஸ்கோப் 1947-இல் வந்தது.

இன்றும் குழாயைக் கடைந்து, பாகங்களைப் பொருத்துவது ஓரிகனின் பீவர்ட்டனில்தான். லென்ஸ்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. பழுதுபார்ப்பதும் பீவர்ட்டனிலேயே. பழைய ஸ்கோப்பை இன்னொருவரிடமிருந்து விலைக்கு வாங்கியவரும் பில் இல்லாமல் அனுப்பலாம். மின்விளக்கு உள்ள மாடல்களில் மின்னணுப் பாகங்களின் உத்தரவாதத்துக்கு மட்டும் காலவரம்பு உண்டு.

வேறொரு நிறுவனத்திடம் எனக்கு ஏற்பட்ட அனுபவத்தையும் சொல்ல வேண்டும். ஜீரோ நிற்காத ஸ்கோப்பை அனுப்பினேன். என்ன பழுது என்று ஒரு வார்த்தை கேட்காமல் புத்தம்புதிதாக ஒன்றை அனுப்பிவைத்தார்கள். பேச்சில் அத்தனை மரியாதை. புதியதும் அதேபோல நகர்ந்தது. பழுதைப் பிரித்துப் பார்க்காத தொழிற்சாலை அதே பழுதைத்தான் மறுபடியும் பெட்டியில் போட்டு அனுப்பும். உத்தரவாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், விஸ்கான்சினின் வோர்டெக்ஸ், தொலைந்ததும் திருடு போனதும் வேண்டுமென்றே உடைத்ததும் செயல்பாட்டைப் பாதிக்காத வெளிக்கீறலும் தவிர எதையும் சரிசெய்வதாகச் சொல்கிறது, தாராளமான உத்தரவாதம்தான். ஆனால் வருடத்தில் சில நாட்களே நீளும் வேட்டைக்காலத்தில் ஸ்கோப் தபாலில் கிடந்தால் எந்த உத்தரவாதமும் அந்த நாட்களைத் திருப்பித் தராது.

விஎக்ஸ்-ஃப்ரீடமில் குறைகளும் உண்டு. அந்தி மங்கும் கடைசி நிமிடங்களில் விலை கூடிய விஎக்ஸ்-3எச்டி தெளிவாக முந்துகிறது. கண் நகரும்போது குறியும் நகர்வதுபோல் தோன்றும் பேரலாக்ஸைச் சரிசெய்யத் தனித் திருகு இல்லை. தூரத்துக்குத் தூரம் டரெட்டைத் திருப்புபவருக்கு இது ஏற்றதல்ல. ஒருமுறை ஜீரோ வைத்து மூடியைப் போட்டுவிடுபவருக்கானது.

ஸ்கோப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன் ரிங் திருகுகளை டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். 15 முதல் 18 அங்குல-பவுண்டு போதும். பழுதென்று நினைப்பது பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், சுட்ட இலக்குத்தாளையும் ஸ்கோப்போடு பார்சலில் வைத்து அனுப்புங்கள்; எத்தனை கிளிக் திருப்பினீர்கள், குண்டு எங்கே விழுந்தது என்று தாளிலேயே எழுதிவிடுங்கள்.