எடைபோட ஆளில்லாத அரங்கேற்றம்

சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்கபி என்று ரயில் பாதையோரம் வரிசையாக இருக்கும் ஊர்களில் ஈழத்துக் குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீடுகளுக்கு ஆண்டுதோறும் பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ்கள் வந்துகொண்டே இருக்கும். சில அழைப்பிதழ்கள் கல்யாணப் பத்திரிகையையே தோற்கடிக்கும். காசைக் காட்டுகிறார்கள் என்று முணுமுணுப்பவர்களும் பண்பாட்டைக் காக்கிறோம் என்று நெகிழ்பவர்களும் ஒரே வரிசையில் அமர்ந்துதான் பார்க்கிறார்கள். காசு எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கும் செலவாகத்தான் செய்கிறது. மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தும் ஆட்டத்தை எடைபோட்டுச் சொல்ல ஒருவருக்கும் இடம் இல்லை என்பதே என் குறை.

முதலில் இந்த வழக்கத்துக்குரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். ஐந்தாறு வயதில் வகுப்புக்குப் போகத் தொடங்கும் பிள்ளை பத்தாம், பதினோராம் வகுப்பில், எச்.எஸ்.சி. நெருக்கடிக்கு முன்னால், மேடையேறுகிறாள். இடைப்பட்ட ஆண்டுகளின் சனி, ஞாயிறுகள் தமிழ்ப் பள்ளிக்கும் நடன வகுப்புக்குமாகப் பங்கிடப்பட்டிருக்கும். வர்ணத்தைக் கவனித்துப் பாருங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் நீளும் உருப்படி. இரண்டு தீர்மானம், அதாவது ஜதிக்கோர்வை, நன்றாக வரும். மூன்றாவதில் களைப்பு ஏறி அரைமண்டி, அதாவது முழங்கால் மடக்கித் தாழ்ந்த நிலை, மெல்ல நிமிரும். நட்டுவாங்கத்தில் இருக்கும் ஆசிரியை தாளத்தைக் கொஞ்சம் அழுத்தித் தட்டுவார். பிள்ளை புரிந்துகொண்டு மறுபடி தாழ்வாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே மாட்டார்கள். பத்தாண்டுப் பழக்கம் இல்லாமல் இது நடக்காது. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைதான் தோழியிடம் தலைவனைப் பற்றி முறையிடும் பதத்தைக் கண்ணால் சொல்லிவிட்டுப் போகிறாள்.

கைத்தொழில் பக்கமும் உண்டு. காஞ்சிபுரத்துப் பட்டு, நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகை, சென்னைத் தையற்காரர் என்று பல கைகளுக்கு வேலை போகிறது. பக்கவாத்தியத்துக்குச் சென்னையிலிருந்து ஆள் அழைப்பது இன்னும் தொடர்கிறது. ஆனாலும் இங்கேயே வளர்ந்து மிருதங்கமும் வயலினும் வாசிக்கிற இளையவர்களுக்கு அரங்கேற்றங்களே பயிற்சிக் களம்.

இனிக் குறைக்கு வருவோம். சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் ஏறிய மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று இளங்கோ அளவு சொல்கிறார். ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்றும் விரிக்கிறார். அரசன் முன்னிலையில் ஆடியபின்தான் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும். அது அரசவைப் பெருமை, அதை இன்று திருப்பிக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் பட்டம் தராமலே அனுப்பவும் அந்தச் சபையால் முடிந்திருக்கும். 1930களில் ஆனந்த விகடனின் ‘ஆடல் பாடல்’ பகுதியில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி எழுதியபோது, பெரிய வித்துவான்களும் அடுத்த இதழைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இங்கோ பெற்றோர் அழைத்தவர்களே சபை. டிக்கெட் கிடையாது, விமரிசனம் கிடையாது, பிரதம விருந்தினர் வாழ்த்துவதற்கென்றே வருகிறார். மண்டபத்துக்குப் பல மாதம் முன்பே முற்பணம் கட்டியாகிவிடுவதால், “இன்னும் ஒரு வருடம் போகட்டும்” என்று சொல்ல ஆசிரியைக்கே வாய் வராது. தரப் பரீட்சைகள் இருக்கின்றனவே என்பார்கள். அவை மூடிய அறைக்குள் புள்ளி போட்டுச் சான்றிதழ் கொடுப்பவை. சபையில் இருக்கிற எவருடைய ரசனையையும் அவை கூர்மையாக்குவதில்லை.

எடைபோடும் பழக்கம் இல்லாத இடத்தில் வரலாறும் பூசி மெழுகப்படும். “இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மையான கலை” என்று அறிவிப்பாளர் தொடங்குவார். இன்று ஆடப்படும் அலாரிப்பு முதல் தில்லானா வரையான வரிசையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர். சதிர் என்று வழங்கிய ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் நிலைத்தது 1930களில். ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியது 1936இல். 1947இன் சென்னைத் தேவதாசிச் சட்டத்துக்குப் பிறகு, இதைப் பரம்பரையாக ஆடிவந்த குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் மேடையை விட்டே விலகினார்கள். அவர்களைப் பற்றி அரங்கேற்ற மலரில் ஒரு வரி தேடிப்பாருங்கள்.

வரலாற்றை உள்ளபடி சொன்னால் கலையின் மதிப்பு குறைந்துவிடாது என்பதற்கு வேறொரு மக்களின் கதை உண்டு. டூங்கபியிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி பிளாக்டவுன். சூடான், தென்சூடான் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. சூடானின் கலை நெடியது. நைல் கரையிலுள்ள கெர்மாவில் 3500 ஆண்டுகளுக்கு முன், சக்கரம் இல்லாமல் கையாலேயே முட்டையோடு போல மெல்லிய கிண்ணங்களைச் செய்தார்கள். அதே நைல் கரையில் மிகப் பிற்காலத்தில் நூபியர்கள் மண்சுவரில் புடைப்புருவங்கள் பூசி, பீங்கான் தட்டுகளைப் பதித்து வீடுகளை அழகாக்கினார்கள். எகிப்தின் அஸ்வான் உயரணை நீரில் வாடி ஹல்ஃபா என்ற நூபிய ஊர் மூழ்கும் முன்பே அந்தச் சுவர்களை ஆராய்ந்த மேரியன் வென்ஸெல், அந்த அலங்காரம் பெரும்பாலும் 1920களுக்குப் பின் வளர்ந்தது என்று எழுதினார். அஹ்மத் பாதூல் என்ற கைவினைஞரின் பெயரையே சொன்னார். புதியது என்று தெரிந்ததால் அதன் மதிப்பு குறையவில்லை. செய்தவர் யார் என்பது தெரிந்தது. அதோடு அது தெருவைப் பார்த்த சுவர். போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துப் பேசக்கூடிய கலை. 1964இல் சூடான் பக்கத்து நூபியர் ஏறத்தாழ 50,000 பேர் தொலைவில் உள்ள காஷ்ம் எல் கிர்பாவுக்கு, ஒரே அச்சில் கட்டிய வீடுகளுக்கு, குடியேற்றப்பட்டார்கள். இடம்பெயர்ந்தவர்களின் கலை அந்நியருக்கும் தெரியும் இடத்தில் இருக்கிறதா, வீட்டு விசேஷத்துக்குள் ஒடுங்குகிறதா என்ற கேள்வி நமக்கும் உரியது.

அரங்கேற்றத்துக்குப் பின் என்ன என்பது அடுத்த கேள்வி. நடனக் கலைஞர் பாலசரஸ்வதி காஞ்சிபுரத்தில் அரங்கேறியது 1925இல், ஏழு வயதில். அது தொடக்கம். பிறகு பல பத்தாண்டுகள் ஆடினார். இங்கே அரங்கேறியவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகம் போனதும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்காகப் பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை, இரண்டாவது மேடையை யாரும் போட்டு வைக்கவில்லை. ஆடியவர்கள் எல்லாரும் கலைஞர் ஆக வேண்டுமென்றும் இல்லை. ஆட்டம் தெரிந்த பார்வையாளர்களாக அவர்கள் மாறினால் அதுவே பெரிய விளைச்சல். உண்மையில் மாறியும் இருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் அரங்கேறிய பெண் இன்று நாலாவது வரிசையில் இருக்கிறாள். அரைமண்டி எந்தத் தீர்மானத்தில் நிமிர்ந்தது என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். கை தட்டுகிறாள், சிற்றுண்டி வாங்கிக்கொள்கிறாள், போகிறாள். அவளிடம் யாரும் கேட்பதில்லை.

மண்டபத்துக்குப் பணம் கட்டும் முன், அவளைப் போன்ற சிலரையும் வேறு பாணியில் கற்பிக்கும் ஓர் ஆசிரியரையும் உட்காரவைத்து, அலங்காரம் எதுவும் இல்லாமல் வர்ணத்தை மட்டும் ஆடச் செய்யலாம். செலவு ஒரு பிளாஸ்க் தேநீர்தான். ஆனால் கலாக்ஷேத்ரா வழி ஆசிரியை வழுவூர் வழி ஆசிரியையைத் தன் மாணவியின் ஒத்திகைக்கு அழைக்கச் சம்மதிக்க வேண்டும். இந்த ஊரில் மண்டபம் பிடிப்பதைவிடக் கடினமான காரியம் அது.