மேட்டூருக்கு உண்டு, மலைக்கு இல்லை

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குப் பனி என்றால் மார்கழி. காதை மூடிய மஃப்ளர், ஈரக் கோலம், சூடாக வெண்பொங்கல். அவ்வளவுதான். பனி ஆளைக் கொல்லும் என்பது பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டது.

அந்தப் பேப்பர்கள் மேல்தான் புகார். (நானும் அதில் பிழைப்பவன்தான்.) 2025 பிப்ரவரி 28 காலை, பத்ரிநாத் பக்கத்தில் மானா கிராமத்தருகே சாலைப் பணியாளர் முகாமைப் பனிச்சரிவு மூடியது. சிக்கியவர்கள் 54 பேர், இறந்தவர்கள் 8 பேர். கணக்கை எல்லோரும் போட்டோம். முந்தின நாள் மாலையே சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் அந்த மாவட்டத்துக்கு எச்சரிக்கை விட்டிருந்ததே, அதை நம் ஊர்ப் பேப்பரில் பார்த்த ஞாபகம் உங்களுக்கு உண்டா? எனக்கு இல்லை.

ஏன் சரிகிறது என்றும் சொல்வதில்லை. பி.காம். மூளைக்கு எட்டியவரை சொல்கிறேன். மலைப்பனி ஒரு பேரேடு. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு பதிவு. அடியில் ஒரு பதிவு தப்பானால் மேலே எதுவும் நிற்காது. 2024 ஜனவரியில் குல்மார்க் வறண்டு கிடந்தது. அந்த மாதிரி வருஷங்களில் முதலில் விழுந்த கொஞ்சநஞ்சப் பனி குளிரில் ரவை மாதிரி உதிரியாகிவிடும். பிறகு மொத்தமாகக் கொட்டுவது அதன்மேல் ஒட்டாது. 30 முதல் 45 டிகிரி சரிவாக இருந்தால் ஒரு ஆள் கால் வைத்தாலே போதும். அந்தப் பிப்ரவரி 22-ல் அங்கே பனிச்சரிவில் ஒரு ரஷ்யப் பனிச்சறுக்கு வீரர் இறந்தார்.

மார்ச், ஏப்ரலில் வேறு வம்பு. ராத்திரி இறுகிய பனி காலையில் சிமென்ட் தரை. மத்தியான வெயிலில் தண்ணீர் உள்ளே இறங்கிச் சொதசொத. விஷயம் தெரிந்தவர்கள் விடியுமுன் ஏறி, வெயில் உறைக்குமுன் இறங்கிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் ஏப்ரலில் இமயமலை ட்ரெக் போகிறான். 'ஸ்னோ கேரன்டி அங்கிள்!' என்று விளம்பரத்தைக் காட்டினான். 'சரிவு எத்தனை டிகிரி? எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?' என்றேன். விழித்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் எழுதியதைத்தானே படிக்கிறான்?

காவிரிக்கு இப்படியா செய்கிறோம்? மேட்டூரில் எத்தனை அடி, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்கு எத்தனை கன அடி என்று கட்டம் கட்டிப் போடுகிறோம். பனிக்கும் ஒரு சின்னக் கட்டம் போட்டால் குறைந்தா போய்விடுவோம்? யாரோ வடக்கத்திக்காரர் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாம் புதைந்து இறந்த பத்துப் பேரில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு.

தண்ணீர் கலங்கி வந்தால் அம்மா மண்டபப் படித்துறையில் யாராவது ஒரு பாட்டி அதட்டுவாள். பையனுக்கு இப்போதைக்கு அதையேதான் சொல்லி அனுப்பப்போகிறேன்: 'உள்ளூர்க்காராளைக் கேட்டுட்டு அப்புறம் காலை வைடா!'